சும்மா ஒரு தலையாட்டல்

நெறியாளர் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு வாய் உறிஞ்சிய அந்தக் கோப்பை காலியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த கையோடு குழாயம்மா அதைப் பார்த்துவிட்டாள். வெள்ளைக் கோப்பை, வெளியே சானலின் சின்னம், உள்ளே காற்று. காற்றைக் குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மனிதரிடம் தண்ணீரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேக்கப் போடுகிறவள் மூக்கில் அப்பிய பவுடர் வேறு அரித்துக்கொண்டிருந்தது.

குழாயம்மா என்பது அவள் பெயர் இல்லை. பல்கலைக்கழகத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தை நடத்துகிறவள். தோளில் எப்போதும் ஒரு பை, பை நிறைய குட்டிக் குட்டிப் பாட்டில்கள். ஊரின் பழைய குடியிருப்பில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "காலையில எழுந்ததும் குழாயைத் திறந்து முதல் தண்ணியை இதுல பிடிச்சு வையுங்க" என்று பாட்டிலை நீட்டுவாள். அந்தத் தெரு வாண்டுகள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வாங்கிய பட்டத்தைவிட அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

பாட்டில்களில் அவள் கண்டது இதுதான். குடிநீர் வாரியம் அனுப்புகிற தண்ணீர் சுத்தமான தண்ணீர், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைகிற குழாய் தாத்தா காலத்து ஈயக் குழாய். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அதற்குள் சும்மா நிற்கும்போது ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஒரு வீட்டில் அதிகம், பக்கத்து வீட்டில் குறைவு. காலையில் அதிகம், குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் குறைவு. வளர்ந்தவர்கள் ஓரளவு தாங்குவார்கள். கைக்குழந்தை தாங்காது, மூளை வளர்கிற வயதில் ஈயம் சத்தமே இல்லாமல் வேலையைக் காட்டிவிடும். இன்னொன்று, கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஈயம் பாத்திரத்திலேயே உட்கார்ந்திருக்கும். சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் யாருக்கும் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ஆனால் தொலைக்காட்சியில் டீ ஆறுகிற வரைக்கும் யாரையும் பேச விடுவதில்லை.

அந்தக் குடியிருப்பில்தான் அவளுடைய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாப்பாவுக்குப் புட்டிப்பால்தான். அந்தக் கட்டடத்தின் முதல் பாட்டிலைச் சோதித்த அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, பாப்பாவுக்குப் பால் கலக்கக் கேன் தண்ணி மட்டும்தான். குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம்."

அண்ணி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "நீ சொன்னா சரிதான்" என்றாள். அன்றிலிருந்து அண்ணன் கேனைத் தோளில் சுமந்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, தங்கச்சியைத் திட்டித் திட்டியே மேலே ஏறினான். காலி கேன்கள் கதவுக்கு வெளியே காவலுக்கு நிற்பது போல வரிசையாக நின்றன. ஒரு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. மற்ற வீடுகளுக்கு யார் சொல்வது? அதற்காகத்தான் இந்த மூக்குப் பவுடர்.

"மேடம், நேரா விஷயத்துக்கு வர்றேன்" என்றார் நெறியாளர். "மக்கள் குடிக்கிறது தண்ணியா, விஷமா?"

"வாரியம் அனுப்புற தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய வீடுகள்ல அது வந்து சேர்ற குழாய்..."

"ஒரே வார்த்தையில மேடம். குடிக்கலாமா? ஆமாவா, இல்லையா?"

"ஒரே வார்த்தையில சொன்னா அது பொய்யாயிடுங்க."

சொல்லிவிட்டு அவளே உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள். நல்ல பதில், சுருக்கென்று இருக்கிறது, இதைக் கட்டாயம் போடுவார்கள் என்று நினைத்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற தயாரிப்பாளர், காதில் கருவியும் கையில் அட்டையுமாக இருந்த சுறுசுறுப்பான பெண், கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"சூப்பர் மேடம். ஆனா கொஞ்சம் ஷார்ட்டா. நம்ம நேயர்கள் சமைச்சுக்கிட்டே பாக்கறவங்க."

மறுபடியும் ஆரம்பித்தார்கள். மறுபடியும் நிறுத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் எதையாவது ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. முதலில் ராத்திரி நிற்கிற தண்ணீர் போனது. பிறகு, வீட்டுக்கு வீடு மாறும் என்பது போனது. நெறியாளருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது.

"எங்க வீட்ல அந்தக் காலத்துல ஈயம் பூசின பாத்திரத்துலதான் மேடம் சமைச்சாங்க. நாங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?"

"அது வெள்ளீயங்க. இது காரீயம். அது வேற உலோகம், இது வேற."

"ஓ, ஈயத்துல நல்ல ஈயம், கெட்ட ஈயம்னு இருக்கா!" என்று கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, காலிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார்.

வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கியதிலேயே மிச்ச நேரம் கரைந்துபோனது. கொதிக்க வைப்பதைப் பற்றி அவளும் விடவில்லை. கடைசியில் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: "கொதிக்க வெச்சா ஈயம் போகாது, கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணி குடுக்கவே கூடாது." தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அப்பாடா என்றிருந்தது. நெறியாளர் சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்காகக் கோட்டை மாற்றிக்கொண்டே போய்விட்டார். போகும்போது நன்றிகூட அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, மானிட்டரில் தெரிந்த தன் தலைமுடியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எழுந்துக்காதீங்க மேடம்" என்றாள் தயாரிப்பாளர். "கடைசியா, சும்மா ஒரு தலையாட்டல் ஷாட்."

"என்னது?"

"எதிர்ல பேசறவரைக் கவனமா கேக்கற மாதிரி லேசா தலையாட்டுங்க. எடிட்டிங்ல ஒட்டறதுக்கு. எல்லாப் பேட்டிக்கும் எடுக்கறதுதான்."

"எதிர்ல யாருமே இல்லையே?"

"நாற்காலியைப் பாருங்க, போதும்."

குழாயம்மா நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தக் கோப்பை. பின்னால் அட்டையில் வரைந்த புத்தக அலமாரி, அதில் ஒரு புத்தகத்தின் முதுகு உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தலையாட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா மேடம். நீங்க சொல்றது சரிதான்னு சொல்ற மாதிரி."

பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காமல் இன்னொரு தடவை ஆட்டச் சொன்னார்கள். அதையும் ஆட்டினாள். வேலையை முடித்துக் கொடுத்துவிட்ட திருப்தியில் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினாள் என்றும் சொல்ல வேண்டும்.

தன் மூஞ்சியைத் தானே திரையில் பார்ப்பது அவளுக்கு ஆகாது. அதனால் நிகழ்ச்சியை அவள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் போனில் பாராட்டித் தள்ளினார்கள். "அந்த நீலச் சட்டை உனக்கு அவ்வளவு எடுப்பா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்" என்றாள் அம்மா. "கலக்கிட்ட போ" என்று அண்ணன் அனுப்பியிருந்தான். துறைத் தலைவர் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சரியாகப் போட்டார்களா என்று மட்டும் கேட்டார். அண்ணி அனுப்பியதுதான் எல்லாவற்றையும்விட இனித்தது: "இப்பதான் தெளிவா புரிஞ்சுது." அதைப் படித்துவிட்டு, படித்தவர்கள் பேசினால் யாருக்கும் புரியாது என்று சொல்கிறவர்கள் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டோம் என்று ரொம்ப நாளைக்கு மிதப்பாகவே இருந்தாள். மிதப்புத்தான். வேறு என்ன சொல்வது? அடுத்த வாரமே வேறு ஊரில் ஏரித் தண்ணீரைச் சோதிக்கிற வேலை வந்தது, அங்கேயே தங்கிவிட்டாள். அண்ணன் வீட்டுப் பக்கம் போகவும் இல்லை.

திரும்பி வந்து, மறுபடி பாட்டில் பையோடு பழைய குடியிருப்புக்குப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அண்ணன் இருந்த அதே கட்டடத்தின் கீழ் வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. பாட்டிலைக் கண்டதும் குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"இனிமே பாட்டில் எதுக்கும்மா? அதான் நீங்களே டிவியில சொல்லிட்டீங்களே, கொதிக்க வெச்சா போதும்னு."

"நானா?"

"வந்து பாருங்க." அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. "பாதியா சுண்டற வரைக்கும் விடறேன். ஒண்ணு மிஞ்சாது."

"அய்யோ, நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க! கொதிக்க வெச்சா போகாதுன்னுதானே சொன்னேன்!"

"அட, கண்ணால பாத்தவகிட்டயேவா? வாரியத்துக்காரர் சொன்னாரு, நீங்க ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க." போனைத் தேடி எடுத்து, நூல் ஒட்டிய விரலால் தேய்த்து, அவள் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தாள்.

அப்போதுதான் குழாயம்மா தன்னைப் பார்த்தாள். நீலச் சட்டை உண்மையிலேயே எடுப்பாகத்தான் இருந்தது. "வாரியம் அனுப்புற தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று திரையில் இருந்தவள் தெளிவாகச் சொன்னாள். அதோடு வெட்டு. அவள் வாழ்நாளில் சந்தித்தே இராத வாரியத்தின் செய்தித் தொடர்பாளர், தன் அலுவலகத்தில் ஒரு கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசினார்: "பயப்பட ஒண்ணுமில்லை. சந்தேகம் இருந்தா நல்லா கொதிக்க வெச்சுக் குடிங்க, போதும்." அடுத்து திரை முழுக்க அவளுடைய மூஞ்சி. ஆட்டுகிறாள். "குழந்தைங்களுக்கும் தாராளமா குடுக்கலாம்" என்ற குரல் பின்னால் கேட்கிறது, இன்னும் அழுத்தமாக ஆட்டுகிறாள். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடுகிறது: கொதிக்க வைத்தால் போதும், நிபுணர்கள் உறுதி. கடைசியில் நெறியாளர் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சுகிறார்.

அந்தக் காலிக் கோப்பை, சிவப்புப் பட்டை, கொடி எல்லாவற்றையும்விட அந்த மூஞ்சிதான் தாங்க முடியவில்லை. என்ன ஒரு பவ்வியம், என்ன ஒரு புரிதல்! எல்லாம் தெரிந்தவள் போல, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, உதட்டை லேசாகக் குவித்து, ஒரு காலி நாற்காலிக்கு ஆமாம் சாமி போட்டுக்கொண்டிருந்தாள். சீ என்று வந்தது.

"அடுப்பை அணைங்க முதல்ல" என்றாள். "அது பொய். சுண்ட வெச்சா ஈயம் இன்னும் கூடத்தான் செய்யும்."

தையல்காரம்மா அடுப்பை அணைக்கவில்லை. "அன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க" என்று குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

மாடிப்படியின் கீழேயே நின்று குழாயம்மா தயாரிப்பாளரைக் கூப்பிட்டாள்.

"மேடம்! உங்க எபிசோடு செம ரீச் மேடம்!"

"அந்த ஆள் பேசினப்ப நான் அங்க இல்லவே இல்லையேம்மா. அதுக்கு எப்படி நான் தலையாட்டுவேன்?"

"அது ஷாட் மேடம். அவர் பேசின பைட் தனியா வந்துச்சு, நடுவுல ஒட்ட ஏதாவது வேணும்ல? நீங்க பேசினதுல ஒரு வார்த்தைகூட நாங்க மாத்தலை."

"கொதிக்க வெச்சா போகாதுன்னு நான் சொன்னது எங்க?"

"அது கொஞ்சம் வேகமா சொல்லிட்டீங்க மேடம். கேக்கறதுக்குச் சரியா எடுபடலை."

"திருத்தம் போடுங்க. இன்னிக்கே போடுங்க. குழந்தைங்க குடிச்சுக்கிட்டு இருக்காங்கம்மா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "திருத்தம்னு போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க மேடம். அதைவிட, வர்ற வாரம் விவாதத்துக்கு வாங்களேன். 'குழாயா, எமனா?'ன்னு தலைப்பு. நீங்க ஒரு பக்கம், வாரியத்துக்காரர் ஒரு பக்கம். இப்ப கோபமா இருக்கீங்க இல்லையா, அதே கோபத்தோட வாங்க. நல்லா எடுபடும்."

குழாயம்மா போனை வைத்துவிட்டாள். காதில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது போல இருந்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் கெட்டவள்கூட இல்லை. அட்டையையும் கருவியையும் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு மருத்துவரையோ ஒரு பாலம் கட்டுகிறவரையோ அதே நாற்காலியில் உட்கார வைத்து, இதே போலத் தலையாட்டச் சொல்லப்போகிறாள். அவர்களும் ஆட்டத்தான் போகிறார்கள். தயவு செய்து என்று கேட்டால் ஆட்டாமல் இருக்கிற தலை எங்கே இருக்கிறது?

அந்த நினைப்பின் நடுவில்தான் அண்ணி அனுப்பிய வரி ஞாபகம் வந்தது. இப்பதான் தெளிவா புரிஞ்சுது.

பாட்டில் பை படியில் இடித்துக் கலகலக்க ஓடினாள். மூன்றாவது மாடியை எட்டும்போதே தெரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே கேன்கள் இல்லை. அவை நின்ற இடத்தில் பாப்பாவின் தள்ளுவண்டி நின்றது. தரையில் கேன்கள் விட்டுப்போன வட்டத் தடங்கள்கூடத் துடைத்துச் சுத்தமாக இருந்தன.

அண்ணி கதவைத் திறந்தாள். இடுப்பில் பாப்பா, பாப்பாவின் வாயில் புட்டி.

"வாங்க டாக்டரம்மா! டிவியில வந்ததும் இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை."

குழாயம்மா புட்டியைப் பிடுங்கினாள். பாப்பா ஒரு கணம் வெறும் வாயைச் சப்பிப் பார்த்துவிட்டு, வீடே அதிர வீறிட்டது.

"என்ன பண்ற நீ? பசியில குடிச்சுக்கிட்டு இருக்கா!"

"அண்ணி, இது எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான். நல்லா கொதிக்க வெச்சது."

"கேன் தண்ணி?"

"அதை எப்பவோ நிறுத்தியாச்சு. உங்கண்ணனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க முடியலை. அப்பதான் நீ டிவியில வந்த. மறுநாளே நிறுத்திட்டோம்." அண்ணி சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கேயும் அடுப்பில் ஒரு பாத்திரம், மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "நான் ஒண்ணும் ஏனோதானோன்னு பண்ணலை. நல்லா சுண்ட விட்டுத்தான் கலக்கறேன்."

குழாயம்மா புட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "கொதிக்க வெச்சா அது போகாது அண்ணி. சுண்ட வெச்சா கூடத்தான் செய்யும்."

அண்ணி அவளையே பார்த்தாள். பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொண்டே நேராகப் போய் அடுப்பை அணைத்தாள். மூடி ஆடுவது நின்றது. பாப்பாவின் அழுகை மட்டும் மிஞ்சியது.

"அப்ப இத்தனை நாள் நான் இவளுக்குக் குடுத்தது?"

"இப்பவே நிறுத்திடலாம். ரத்தத்தைப் பரிசோதிச்சுப் பாத்தா..."

"ஏதாவது ஆயிருக்குமா?"

"அது எவ்வளவு இருந்துச்சுங்கறதைப் பொறுத்தது அண்ணி. காலையில பிடிச்சதா, குழாய் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு... சில சமயம் ஒண்ணுமே தெரியாது. சில சமயம் பின்னாலதான்..."

"ஆயிருக்குமா, ஆயிருக்காதா?"

ஆயிருக்கும் என்றாலும் பொய், ஆயிருக்காது என்றாலும் பொய்.

"உன் பேச்சை நம்பித்தான் கேன் வாங்கினேன்" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "உன்னை நம்பித்தான் நிறுத்தவும் செஞ்சேன். தண்ணியில ஈயம், குழாயில ஈயம், எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ தலையாட்டினது எனக்குப் போதும்னு இருந்துச்சு."

"அது நான் அவருக்கு ஆட்டலை அண்ணி. பேட்டி முடிஞ்சதும் எடிட்டிங்குக்குன்னு தனியா எடுத்தாங்க. எதிர்ல யாருமே இல்லை. அவர் பேசினது வேற இடத்துல, அதைக் கொண்டுவந்து நடுவுல..."

"சுத்தி வளைக்காதே." பாப்பாவின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அண்ணி கேட்டாள். "ஒரே வார்த்தையில சொல்லு. ஆட்டினியா, இல்லையா?"

காலி நாற்காலி, காலிக் கோப்பை, உரிந்து தொங்கிய அட்டைப் புத்தகம், இன்னும் கொஞ்சம் அழுத்தமா மேடம் என்ற குரல், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. எல்லாமே உண்மை. கையில் இருந்த புட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஆட்டினேன்" என்றாள் குழாயம்மா.